"கரண்ட் மாத்தியாச்சா?": பத்திரிகைக் கடை சைட்டை சர்வரில் ஏற்றப் பழகிய கதை

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு நானும் என்னோடு வேலை பார்க்கும் தம்பியும் ஆர்டர் எடுக்கும் சைட் ஒன்று செய்து கொடுத்திருக்கிறோம். லாரவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில் எழுதியது, பிரமாதமான சமாச்சாரம் ஒன்றும் கிடையாது. மாடல் பார்த்து, எத்தனை பத்திரிகை என்று சொல்லி, பெண் மாப்பிள்ளை பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் தட்டி, போட்டோவோ குலதெய்வம் படமோ ஏற்றினால் ப்ரூஃப் பிடிஎஃப் வரும். வீட்டில் நாலு பேர் பார்த்து, தாத்தா பெயரில் இனிஷியல் தப்பு என்று திருத்தி, கடைசியில் ஓகே சொன்னால் அச்சுக்குப் போகும். முதலாளி சிவகாசிப் பக்கம், அதனால் எங்களுக்கு அவர் அண்ணாச்சி. சர்வர் பெங்களூரில் இருக்கும் வாடகை மெஷின், உபுண்டு லினக்ஸ், 1 ஜிபி ராம், 25 ஜிபி டிஸ்க். நங்கநல்லூர் மாடி ரூமில் இருக்கும் எங்கள் லேப்டாப்பிலிருந்து அந்த சர்வருக்கு ஃபைல்களைக் கொண்டு சேர்ப்பதற்கு மூன்று வருஷத்தில் நாலு வழி மாற்றிவிட்டோம். எதில் எப்படி அடிபட்டோம், இப்போது எதில் நிற்கிறோம் என்று எழுதி வைக்கிறேன், இதே நிலையில் சின்ன கிளையன்ட்களை வைத்துக்கொண்டு இருப்பவர்களுக்கு உதவலாம்.

முதல் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஃபைல்சில்லா. இடது பக்கம் நம்ம ஃபோல்டர், வலது பக்கம் சர்வர், இழுத்து விட்டால் முடிந்தது. அதற்குப் பின்னால் ஓடும் எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறையின் முதல் வரைவை 1971-ல் எழுதியவர் அபய் பூஷண், ஐஐடி கான்பூரின் முதல் பேட்ச் மாணவர், அப்போது எம்ஐடியில் இருந்தார். நம்ம ஆள் எழுதியது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய உலகத்துக்கு எழுதியது, பாஸ்வேர்டு அப்படியே திறந்த கடிதமாகப் போகும். அதனால் நாங்கள் அதே ஃபைல்சில்லாவில் எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஃப்டிபி-க்குச் சீக்கிரமே மாறினோம். பாஸ்வேர்டு பிரச்சினை தீர்ந்தது, மற்றது எல்லாம் அப்படியே இருந்தது.

மற்றது என்றால் என்ன? முதலில் நேரம். லாரவெல் ப்ராஜெக்டில் நாம் எழுதிய கோட் கொஞ்சம்தான், மற்றவர்கள் எழுதிய லைப்ரரிகள் இருக்கும் வெண்டர் ஃபோல்டரில்தான் எட்டாயிரத்துச் சொச்சம் குட்டி ஃபைல்கள். ஒவ்வொன்றையும் திறந்து, அனுப்பி, மூடி, அடுத்ததுக்குப் போய் என்று முழுசாக ஏற்ற நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆகும், அளவு என்னவோ 60 எம்பிதான். அந்த நாற்பது நிமிஷமும் சைட் நடந்துகொண்டுதான் இருக்கும். கண்ட்ரோலர் புதுசு, டெம்ப்ளேட் பழசு, விலை போடும் கிளாஸ் இன்னும் வரவே இல்லை. ஒரு தடவை 500 பத்திரிகைக்கு ஒருவருக்கு பூஜ்யம் ரூபாய் என்று பில் வந்தது, நல்லவேளை அவரே போன் செய்து கேட்டார்.

இன்னொன்று நான் இரண்டு நாள் தேடியது. முழுசாக ஏற்றுவதைத் தவிர்க்க 'நம்மிடம் இருப்பது புதுசாக இருந்தால் மட்டும் மாற்று' என்ற செட்டிங்கைப் போட்டிருந்தேன். அப்போது இன்னும் பழைய எஃப்டிபிதான். காலை 10 மணிக்கு ஒரு ஃபைலை ஏற்றினேன், 12 மணிக்கு அதையே திருத்தி மறுபடி ஏற்றினேன், போகவில்லை, எர்ரரும் இல்லை. சர்வர் ஃபைல் பட்டியலை இந்திய நேரத்தில் கொடுத்தது, இந்தப் பக்கம் ஃபைல்சில்லா அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தது. அதன் கணக்கில் சர்வரில் இருந்த ஃபைல் மாலை 3:30-க்கு வந்தது, என்னுடைய 12 மணி ஃபைல் பழசு, ஆகவே தள்ளிவிட்டது. சாயங்காலம் காபி குடித்துவிட்டு வந்து திருத்தினால் எல்லாம் சரியாகப் போகும், மத்தியானம் மட்டும் போகாது. எனக்குப் பேய் பிடித்த மாதிரி இருந்தது.

ஃபைல்சில்லாவை விட்டதற்குக் கடைசிக் காரணம் புயல். 2023 டிசம்பர் மிக்ஜாம் சமயத்தில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை, லேப்டாப் இரண்டாம் நாளே அணைந்துவிட்டது. கார்த்திகை மாசம், தை முகூர்த்தங்களுக்கு ஆர்டர் வருகிற நேரம், கடைப் பக்கம் தண்ணீர் வடிந்து சைட்டில் ஆர்டர் வரத் தொடங்கியதும் டெலிவரி தேதியை ஒரு வாரம் தள்ளிக் காட்டச் சொன்னார் அண்ணாச்சி. ஒரு வரி மாற்றம். தம்பி ஊரில் இருந்தான், அங்கே கரண்ட், நெட் எல்லாம் இருந்தது, ஆனால் அவனிடம் இருந்த கோட் இரண்டு மாசம் பழசு. கடைசியாக யார் எதை ஏற்றினோம் என்பதற்கு என் லேப்டாப் ஒன்றுதான் சாட்சி, அது மேஜை மேல் செத்துக் கிடந்தது. கடைசியில் அவன் சர்வரில் இருந்த ஃபைலையே இறக்கி, திருத்தி, ஏற்றினான். வேலை முடிந்தது, ஆனால் அப்புறம் என் லேப்டாப்பிலிருந்து நான் ஏற்றியபோது அவன் திருத்தியது அழிந்து போனது தனிக் கதை.

அந்த வாரமே எல்லாவற்றையும், கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டில் போட்டோம். அதற்கு முன்னாலும் கிட் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், என் லேப்டாப்பில் மட்டும், மாசத்துக்கு ஒரு கமிட் (பதிவு). இப்போது இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத் தள்ளுவது, சர்வரில் உள்ளே போய் கிட் புல் (புதியதை இழுத்துக்கொள்) அடிப்பது என்று வைத்துக்கொண்டோம். பத்து வினாடியில் முடிந்தது. நாற்பது நிமிஷம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு அது சொர்க்கம்.

சொர்க்கத்தில் மூன்று ஓட்டை. ஒன்று, என் கை. ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணாச்சி போன் செய்து போன் நம்பர் ஒரு இலக்கம் தப்பு என்றால், லேப்டாப்பைத் திறந்து கமிட் போட்டு தள்ளி இழுப்பதற்குப் பதிலாக போனிலேயே சர்வருக்குள் போய் ஃபைலைத் திருத்திவிடுவேன். அடுத்த தடவை தம்பி புல் அடித்தால், இங்கே மாற்றம் இருக்கிறது, மேலே எழுத மாட்டேன் என்று கிட் நின்றுவிடும். கிட் செய்தது நூற்றுக்கு நூறு சரி. தம்பி என்னைப் பார்த்த பார்வையும் சரிதான். இரண்டாவது, கோட் மட்டும் வந்தால் போதாது, வெண்டரை நிரப்பும் கம்போசர் ஓட வேண்டும், சிஎஸ்எஸ், ஜேஎஸ் ஃபைல்களைத் தயார் செய்யும் என்பிஎம் பில்டு ஓட வேண்டும், அதெல்லாம் சர்வரிலேயே. 1 ஜிபி ராமில் என்பிஎம் பில்டு ஓடத் தொடங்கினால் நினைவகம் நிரம்பி, கெர்னல் அதைக் கொன்றுவிடும், திரையில் 'கில்டு' என்று ஒரே வார்த்தை. ஒரு தடவை அதற்குப் பதில் டேட்டாபேஸைக் கொன்றது. மூன்றாவது, புல் அடித்ததற்கும் கம்போசர் முடிவதற்கும் நடுவில் ஒன்றரை நிமிஷம், புது கோட் கேட்கும் கிளாஸ் வெண்டரில் இன்னும் இல்லை, அந்த இடைவெளியில் வருகிறவர்களுக்கு வெள்ளைப் பக்கம். எஃப்டிபியில் நாற்பது நிமிஷம் இருந்த அரைகுறை நிலை இப்போது ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிட் க்ளோன் செய்த ஃபோல்டரையே வெப் சர்வர் நேராகக் காட்டும்படி வைத்திருந்தால், உள்ளே இருக்கும் டாட் கிட் ஃபோல்டரை யார் வேண்டுமானாலும் பிரவுசரில் கேட்டு எடுத்து, மொத்தக் கோடையும் பழைய பாஸ்வேர்டுகளையும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். லாரவெல்லில் பப்ளிக் என்ற உள் ஃபோல்டரை மட்டும்தான் காட்டுவோம், அதனால் தப்பித்தோம். சாதா பிஎச்பி சைட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

சரி, பில்டை லேப்டாப்பிலேயே முடித்துவிட்டு, ரெடியான ஃபோல்டரை மட்டும் அனுப்புவது என்று முடிவு செய்தோம். அதற்கு ஆர்சிங்க், இரண்டு இடத்து ஃபோல்டர்களை ஒன்றுபோல் ஆக்கும் கருவி. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் பிடித்த கருவியும் இதுதான், என்னைக் கவிழ்த்ததும் இதுதான்.

ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 1996-ல் வெளியிட்டது. இரண்டு பக்கமும் ஒரே ஃபைலின் வெவ்வேறு பதிப்பு இருந்தால், மாறிய துண்டுகளை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும். அதற்கும் முன்னால், எந்த ஃபைலைத் தொட வேண்டும் என்று முடிவு செய்ய அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் மட்டும் ஒப்பிடும், இரண்டும் ஒன்றாக இருந்தால் திறந்துகூடப் பார்க்காது. வேகத்துக்கு இதுவே காரணம். ஆனால் கிட்டில் புதிதாக செக்-அவுட் செய்தால் எல்லா ஃபைலுக்கும் இப்போதைய நேரம் விழுந்துவிடும், தம்பி லேப்டாப்பிலிருந்து அனுப்பினால் எட்டாயிரம் ஃபைலும் மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தொடும். செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) பார்த்து ஒப்பிடு என்ற ஆப்ஷனைப் போட்டால் இரண்டு பக்கமும் எல்லா ஃபைலையும் படித்துப் பார்க்கும், டிஸ்க்குக்குக் கொஞ்சம் வேலை கூடும், ஆனால் உண்மையிலேயே மாறியது மட்டும் போகும். எங்கள் அளவுக்கு அது பத்துப் பன்னிரண்டு வினாடிதான், அதனால் எப்போதும் போட்டு வைத்திருக்கிறோம்.

சோர்ஸ் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை போகும், போடாவிட்டால் ஃபோல்டரே போய் உள்ளே உட்காரும். இது எல்லாரும் ஒரு தடவை படும் பாடம், நானும் பட்டேன், அதோடு விடுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

ஆர்சிங்க் சும்மா விட்டால் எதையும் அழிக்காது. நாம் லேப்டாப்பில் நீக்கிய ஃபைல் சர்வரில் அப்படியே கிடக்கும், மாசக்கணக்கில் சேரும், சில சமயம் அந்தப் பழைய ஃபைலே ஓடித் தொல்லை கொடுக்கும். அதனால் டெலீட் என்று ஒரு ஆப்ஷன் உண்டு, இந்தப் பக்கம் இல்லாதது அந்தப் பக்கமும் இருக்கக் கூடாது. வாடிக்கையாளர்கள் ஏற்றிய போட்டோவும் ப்ரூஃப் பிடிஎஃப்களும் சர்வரில் பப்ளிக் ஃபோல்டருக்குள் அப்லோட்ஸ் என்ற இடத்தில் இருந்தன. லேப்டாப்பில் அது கிடையாது. ஆகவே அதைத் தொடாதே என்று எக்ஸ்க்ளூட் போட்டிருந்தேன். எக்ஸ்க்ளூட் செய்ததை டெலீட்டும் தொடாது, விதி அப்படித்தான். ஆறு மாசம் ஒழுங்காக ஓடியது.

ஆரம்பத்தில் நான் பப்ளிக், ஆப், வெண்டர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டளையில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆடி மாசம் ஒரு நாள், ஸ்கிரிப்டைச் சுருக்குகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் ஒரே கட்டளையாக்கி ப்ராஜெக்டின் வேரிலிருந்து அனுப்பினேன். எக்ஸ்க்ளூடில் இருந்த பாதை, சாய்கோட்டில் தொடங்கி அப்லோட்ஸ் என்று முடிவது, அதை மாற்றவில்லை. முன்னால் சாய்கோடு இருந்தால் அது அனுப்பும் ஃபோல்டரின் வேரிலிருந்து என்று அர்த்தம். பப்ளிக் ஃபோல்டரை அனுப்பிய காலத்தில் அதன் வேரில் அப்லோட்ஸ் இருந்தது, பொருந்தியது. ப்ராஜெக்ட் வேரிலிருந்து அனுப்பும்போது அப்லோட்ஸ் ஒரு படி உள்ளே போய்விட்டது, எக்ஸ்க்ளூட் எதோடும் பொருந்தவில்லை, டெலீட் தன் வேலையைச் செய்தது. இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் ஃபைல்கள். திரையில் 'டெலீட்டிங்', 'டெலீட்டிங்' என்று ஓடியதைப் பழைய கேஷ் ஃபைல்களை அழிக்கிறது என்று நினைத்து நான் டீயை உறிஞ்சிக்கொண்டு பார்த்திருக்கிறேன். மேலே ஏறிய ஒரு வரியில் யாரோ ஒரு மணப்பெண்ணின் பெயர் தெரிந்தபோதுதான் கன்ட்ரோல்-சி அடித்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

ஆடியில் பத்திரிகைக் கடைக்கு வேலை இருக்காது என்பது வெளியே இருந்து பார்ப்பவர்களின் நினைப்பு. ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிப்பது ஆடியில்தான்.

சர்வர் முழுவதையும் ஸ்னாப்ஷாட் எடுப்பது வாரம் ஒரு முறை, ஞாயிறு ராத்திரி. அதிலிருந்து இன்னொரு மெஷினை எழுப்பி, அப்லோட்ஸை எடுத்துத் திரும்ப வைக்க இரண்டு மணி நேரம் ஆனது. திங்கள், செவ்வாய் வந்த பதினேழு ஆர்டர்களுக்கு எதுவும் இல்லை. ஓகே சொன்ன ப்ரூஃபை சைட் கடைக்கு மெயிலிலும் அனுப்பும், அதனால் பதினாலு கிடைத்தது, மூன்று இல்லவே இல்லை. மறுநாள் காலை பழவந்தாங்கலில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி நேராகக் கடைக்கே போனேன். இதைப் போனில் சொல்ல மனசு வரவில்லை.

"அண்ணாச்சி, தப்பு என்னோடது. மூணு பேரோட போட்டோ போயிடுச்சு."

"எத்தனை மணிக்கு இந்த வேலையைப் பார்த்தீங்க தம்பி?"

"நேத்து சாயங்காலம், நாலு பத்து இருக்கும்."

"செவ்வாய்க்கிழமை மூணுல இருந்து நாலரை ராகு காலம்லா! அப்புறம் எப்படி விளங்கும்?" என்றவர், கல்லாவில் உட்கார்ந்தபடியே மூன்று பேருக்கும் போன் போட்டு, மெஷின் மக்கர், இன்னொரு தடவை படத்தை வாட்ஸாப்பில் அனுப்புங்கம்மா, பத்து பத்திரிகை சேர்த்து வைக்கிறேன் என்று பேசி முடித்துவிட்டார். அந்த முப்பது பத்திரிகைக் காசை என் பில்லில் கழிக்கவும் இல்லை. இன்றைக்கும் எங்கள் டிப்ளாய் (சர்வரில் ஏற்றும்) ஸ்கிரிப்டின் முதல் சில வரிகள் கிழமையையும் நேரத்தையும் பார்க்கும், செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை ஓடாது. தம்பி முதலில் சிரித்தான். எடுத்துவிடவா என்று கேட்டால் வேண்டாம் அண்ணா, இருக்கட்டும் என்கிறான்.

ராகு காலத்தைத் தவிர்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் திரும்ப நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஓடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் காட்டச் சொல்லும் டிரை ரன் ஆப்ஷன் உண்டு, அதை முதலிலேயே போட்டிருந்தால் தப்பித்திருப்பேன், இப்போது ஸ்கிரிப்டே அதை ஓட்டி, அழிக்கப் போகும் ஃபைல்கள் ஐம்பதுக்கு மேல் என்றால் நின்று கேட்கும். ஆனால் யோசிக்க யோசிக்க, அந்த எக்ஸ்க்ளூடைச் சரியாக எழுதாதது மேலோட்டமான காரணம்தான். கடைக்காரரின் வாடிக்கையாளர் ஏற்றிய ஃபைலும் நான் எழுதிய கோடும் ஒரே ஃபோல்டர் மரத்தில் கலந்து கிடந்தன. ஒன்றை எப்போது வேண்டுமானாலும் அழித்துப் புதிதாக வைக்கலாம், என் கிட்டில் இருக்கிறது. இன்னொன்று உலகத்தில் அங்கே மட்டும்தான் இருக்கிறது. அது இரண்டையும் ஒரே துடைப்பத்தால் பெருக்கினேன்.

ஆகவே நாலாவது வழி, கேப்பிஸ்ட்ரானோ என்ற ரூபி உலகக் கருவி பிரபலமாக்கிய ஏற்பாடு. சர்வரில் மூன்று இடம். ரிலீஸஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு தடவைக்கும் தேதி நேரம் பெயரில் முழுக் கோடும் இருக்கும் ஒரு புது ஃபோல்டர். ஷேர்ட் என்று ஒன்று, அதில் கடைக்குச் சொந்தமானவை: அப்லோட்ஸ், லாக், பாஸ்வேர்டுகள் இருக்கும் டாட் என்வி. அப்புறம் 'கரண்ட்' என்று ஒரு சிம்லிங்க் (வேறொரு இடத்தைச் சுட்டும் குறுக்குவழி), இப்போது ஓட வேண்டிய ரிலீஸை விரல் நீட்டிக் காட்டும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் எப்போதும் கரண்டைத்தான் பார்க்கும். புது ரிலீஸை ஓரமாக, யாரும் பார்க்காத இடத்தில் அவசரமில்லாமல் தயார் செய்து, எல்லாம் முடிந்ததும் விரலைத் திருப்பினால் போதும். எங்கள் ரூமில் "கரண்ட் மாத்தியாச்சா?", "இன்னும் இல்லண்ணா, டெஸ்ட் ஓடுது" என்று பேசுவதைக் கேட்டு கீழ் வீட்டு மாமா ஒரு தடவை மேலே வந்து, மெயின்லயே போயிடுச்சா, எங்க வீட்ல இருக்கே என்று விசாரித்தார்.

பிஎச்பிக்கு இதையே செய்யும் டிப்ளாயர் என்ற கருவி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. நான் நாற்பத்துச் சொச்சம் வரியில் ஷெல் ஸ்கிரிப்டாக எழுதிக்கொண்டேன், உடைந்தால் எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. இப்போது ஓடும் ரிலீஸை சர்வருக்குள்ளேயே புதுப் பெயரில் காப்பி எடுக்கும், அதன் மேல் லேப்டாப்பிலிருந்து ஆர்சிங்க் ஓடும், டெலீட் ஆப்ஷனோடுதான். இப்போது அது பயமில்லை, அப்லோட்ஸ் அந்த மரத்தில் இல்லை, இருப்பது ஒரு சிம்லிங்க் மட்டும், அதை அழித்தாலும் லிங்க்தான் போகும், உள்ளே இருப்பது போகாது, அடுத்த வரியில் ஸ்கிரிப்ட் திரும்ப லிங்க் போட்டுவிடும். ஒரு ரிலீஸ் 90 எம்பி, கடைசி ஐந்தை வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடுகிறது.

விரலைத் திருப்புவதில் ஒரு நுணுக்கம். லிங்க் போடும் எல்என் கட்டளையின் பழைய பதிப்புகளில் வலுக்கட்டாயமாக மாற்று என்று சொன்னால் பழைய லிங்க்கை அழித்துவிட்டுப் புதிது போடும், நடுவில் ஒரு கணம் கரண்டே இல்லை (கீழ் வீட்டு மாமா மன்னிக்க). நம்ம கடைக்கு வரும் கூட்டத்துக்கு அது யார் தலையிலும் விழாது, ஆனாலும் வேறு பெயரில் புது லிங்க் போட்டு, அதைப் பெயர் மாற்றிப் பழையதன் மேல் வைத்தால் லினக்ஸ் அதை ஒரே மூச்சில் செய்யும், முன்னதோ பின்னதோ, இடைப்பட்டது கிடையாது. ஒரு வரி கூடுதல், அதனால் அப்படியே செய்கிறேன்.

பெருமையாக முதல் தடவை மாற்றினேன். பிரவுசரில் பழைய பக்கம். ரெஃப்ரெஷ் அடித்தால் புதுசு. மறுபடி அடித்தால் பழசு! இரண்டு நிமிஷம் இப்படி ஆடிவிட்டு தானாகவே சரியானது. இரண்டு நிமிஷம் என்பதுதான் துப்பு. பிஎச்பி ஒரு பாதை உண்மையில் எங்கே போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளும், அந்த ரியல்பாத் கேஷின் ஆயுள், மாற்றாமல் விட்டால் 120 வினாடி. அதுவும் பிஎச்பியை ஓட்டும் ஒவ்வொரு எஃப்பிஎம் ப்ராசஸுக்கும் தனித்தனி ஞாபகம், அதனால்தான் எந்தப் ப்ராசஸிடம் மாட்டுகிறோமோ அதற்கேற்றபடி பழசும் புதுசும் மாறி மாறி வந்தது. என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில், பிஎச்பிக்கு ஃபைல் பாதையைக் கொடுக்கும் இடத்தில் டாக்குமென்ட் ரூட் என்று இருந்ததை ரியல்பாத் ரூட் என்று மாற்றினேன். இப்போது லிங்க்கைத் தாண்டிய நிஜப் பாதையை என்ஜின்எக்ஸே ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறது, பிஎச்பிக்கும், தயார் செய்த கோடை நினைவில் வைக்கும் ஓபிகேஷுக்கும் அது புத்தம் புது ஃபைல். எனக்குப் பிடித்தது இதன் இன்னொரு பலன்: மாற்றும் நொடியில் பாதி ஓடிக்கொண்டிருக்கும் ரெக்வெஸ்ட் தன் பழைய பாதையிலேயே ஓடி முடிகிறது.

அதே நாள் மெயில் மட்டும் பழைய டெம்ப்ளேட்டில் போனது. மெயில் அனுப்புவது பின்னால் ஓடும் க்யூ வொர்க்கர், அது காலையில் ஏற்றிய கோடை நினைவில் வைத்துக்கொண்டு ராத்திரி வரை ஓடும், ஃபோல்டர் மாறியது அதற்குத் தெரியாது. லாரவெல்லில் க்யூ ரீஸ்டார்ட் கட்டளை இருக்கிறது, கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு அது நின்றுகொள்ளும், நின்றதைக் கவனிக்கும் சூப்பர்வைசர் என்ற ப்ரோக்ராம் திரும்ப எழுப்பும். ஸ்கிரிப்டில் சேர்த்தேன்.

சிஎஸ்எஸ், ஜேஎஸ் ஃபைல்களில் இன்னொரு சின்ன வம்பு. பில்டு ஒவ்வொரு ஃபைல் பெயரிலும் ஒரு ஹாஷ் சேர்க்கும், கோட் மாறினால் பெயரும் மாறும். பத்திரிகை வாசகத்தை ஒரு மணி நேரமாக வீட்டோடு விவாதித்துக்கொண்டே தட்டிக்கொண்டிருப்பவரின் பக்கம் பழைய பெயரைக் கேட்கும், கரண்ட் மாறியதும் அந்தப் பெயர் இல்லை, பட்டன் வேலை செய்யாது. அதனால் பில்டு ஃபைல்களை மட்டும் ஷேர்டில் வைத்து, டெலீட் இல்லாமல் மேலே மேலே சேர்க்கிறோம், ஒரு மாசம் பழையதை, நேரம் வைத்து ஓடும் கிரான் அழிக்கும்.

பின்னால் திரும்புவது இந்த ஏற்பாட்டின் பெரிய சுகம், விரலை முந்தைய ரிலீஸுக்குத் திருப்பினால் ஒரு வினாடி. ஆனால் டேட்டாபேஸ் திரும்பாது. முகூர்த்த நேரம் முதலில் டேபிளில் ஒரே டெக்ஸ்ட் காலமாக (column) இருந்தது, 'காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்' என்று. அதை ஆரம்பம், முடிவு என்று இரண்டு காலமாகப் பிரித்து, பழையதை அதே மைக்ரேஷனில் (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) தூக்கிவிட்டேன். வேறு ஒரு பிழைக்காக ரோல்பேக் செய்தால், பழைய கோட் இல்லாத காலத்தைத் தேடி விழுந்தது, முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை, முக்கால் மணி நேரம் பராமரிப்புப் பலகையை மாட்டிவிட்டு உட்கார்ந்தோம். இப்போது ஒரு டிப்ளாயில் புதுக் காலத்தைச் சேர்ப்பதோடு சரி, அடுத்ததில் கோட் இரண்டிலும் எழுதும், எல்லாம் நிலைத்து ஒரு வாரம் கழித்து மூன்றாவதில் பழையதை நீக்குவோம். மெதுவானதுதான்.

ஏன் டாக்கர் (ஆப்பை அதன் சூழலோடு ஒரு இமேஜாகக் கட்டும் கருவி) இல்லை, கிட்ஹப் ஆக்ஷன்ஸ் (கோடைத் தள்ளியதும் தானாக பில்டும் டிப்ளாயும் செய்வது) இல்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 1 ஜிபி மெஷின், ஒரே ஆப், இரண்டே பேர். டாக்கருக்கு மாறினால் என் இமேஜ் அழகாக இருக்கும், ஆனால் அப்லோட்ஸை எங்கே வைப்பது, டேட்டாபேஸ் பின்னால் போகுமா என்ற இரண்டு கேள்வியும் அங்கேயும் அப்படியேதான் இருக்கும், அதோடு எனக்குத் தெரியாத பத்து விஷயம் சேரும். ஆக்ஷன்ஸ் பற்றி யோசனை உண்டு, மூன்றாவது ஆள் வந்தால் மாறுவேன். இப்போதைக்கு டிப்ளாய்க்கென்று சர்வரில் தனி யூசர், எங்கள் இருவருக்கும் தனித்தனி எஸ்எஸ்எச் கீ (சர்வருக்குள் நுழையும் சாவி), கோட் ஃபோல்டரில் எழுத வெப் சர்வர் யூசருக்கு உரிமை கிடையாது, ஷேர்டில் மட்டும் உண்டு. போனிலிருந்து ராத்திரி திருத்தும் என் பழக்கத்துக்காகத் தம்பி என் போன் கீயை சர்வரிலிருந்து எடுத்துவிட்டான், கேட்காமலே. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்னாப்ஷாட் வாரம் ஒரு முறை என்பது அப்படியே இருக்கிறது, கூடவே ஷேர்ட் ஃபோல்டர் மட்டும் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு வேறு இடத்துக்குப் போகிறது. நேற்றுப் பார்த்தேன், அப்லோட்ஸ் 11 ஜிபி ஆகியிருக்கிறது, டிஸ்க் மொத்தமே 25. ஜனங்கள் கேமராவில் எடுத்த 14 எம்பி போட்டோவை அப்படியே ஏற்றுகிறார்கள். எந்த ஆர்டருக்கு எத்தனை நாள் கழித்து அழிக்கலாம் என்று அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, "வளைகாப்புக்கு வருவாங்கல்ல தம்பி, அப்பவும் அதே போட்டோவைத்தான் கேப்பாங்க, இருக்கட்டும்" என்றார். பெரிய டிஸ்க் போட்டால் மாசம் எவ்வளவு கூடும் என்று இனிமேல்தான் கணக்குப் போட வேண்டும்.